கை சொன்ன பொய்

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து யாரும் பயப்பட்டதில்லை. டாக்டருக்குப் பயந்தார்கள், ஊசியோடு வரும் நர்சு மிஸ்ஸிக்குப் பயந்தார்கள். நான் வெறும் ‘வெல்பேர் மிஸ்’. பினாங்கில், ஜோர்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் சமூகநலப் பணியாளர். பஸ்ஸுக்கு வழியில்லாதவருக்கு உதவிப் பணம் கேட்டு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பேன். அம்மா படுத்துவிட்ட வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேடுவேன். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனதை நோயாளிக்குத் தமிழில் சொல்வதும் என் வேலைதான். ஆனால் டாக்டர் சொன்னதை நான் அப்படியே சொன்ன நாட்கள் மிகவும் குறைவு.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நோயாளிக்கு அவருடைய நோயைச் சொல்லும் வழக்கம் எங்களவர்களிடம் இல்லை. வீட்டாருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்பார்கள். பிறகு சிரித்த முகமாகக் கட்டிலுக்குப் போவார்கள். புதிதாக வந்த நர்சு யாராவது உளறிவிடக் கூடாதே என்று நான் ஓர் ஏற்பாடு செய்தேன். தன் நோய் இன்னதென்று தெரியாத நோயாளியின் அட்டையில் வலது மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். வட்டத்தைப் பார்த்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு மெச்சினார். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். நாங்கள் சாவையே அப்படித்தான் நடத்தினோம்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும், எனக்குத் தொண்டை அடைக்க ஆரம்பித்தது. முதலில் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் குரல் போனது. காலையில் நன்றாக இருக்கும். வார்டுக்குள் போய் இரண்டு கட்டில் தாண்டினால் காற்றுதான் வரும். காது மூக்குத் தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். என் தொண்டையைப் போல அழகான தொண்டையைப் பார்த்ததில்லை என்று வேறு சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

என் பெற்றோர் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பா ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பினாங்கில் நாற்பது வருஷம் இருந்தும் பேச்சை மாற்றாதவள். மிளகு ரசம், திப்பிலி, வேப்பெண்ணெய் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்துக் களைத்தாள்.

“பிள்ளை, உந்த ஆஸ்பத்திரியில நீ என்னத்தை விழுங்கிப்போட்டு வாறாய்?” என்று ஒருநாள் கேட்டாள்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு எழுந்து போனேன்.

அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. எனக்கு அழுகை வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் போனான், அவன் அம்மா தரையில் விழுந்து புரண்டாள், நான் அவளுக்குப் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேண்டீனில் மீ கோரேங் சாப்பிடப் போனேன். அதுவும் இறங்கவில்லை, ஆனால் துக்கத்தால் அல்ல. அதே நான் ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்காரன் எடையில் கை வைத்தான் என்று கூடையைத் தூக்கி எறிந்தேன். குரலில்லாமல் சண்டை போடுவதைப் போலக் கேவலம் உலகத்தில் இல்லை. நான் வாயை வாயைத் திறக்க, அவன் பாவப்பட்டு இன்னொரு மீனைப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, எனக்குள்ளே ஏதோ செத்துவிட்டது, அது நாறுவதற்குள் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். விடவில்லை. விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தளவு சாமானில் மயிரளவு பழுது இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதைச் செய்தவள். மனிதர்கள் முகத்தையும் அப்படித்தான் பார்ப்பாள். வயது முப்பத்தெட்டு, பிள்ளைகள் இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடிவிட்டார். கருப்பையில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிருந்தது.

அவள் கணவர் லாரி ஓட்டுபவர். ஆறடி ஆள், என் அறை நாற்காலியில் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

“சொல்லாதீங்க மிஸ். சொன்னா மறுநாளே செத்துடுவா. எனக்கு அவ கொஞ்ச நாளாவது சிரிச்சிட்டு இருக்கணும்லா.”

நான் பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். கட்டி இருந்தது, எடுத்தாகிவிட்டது, கொஞ்ச நாள் ஊசி மருந்து போட்டால் போதும் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட வரும் நாட்களில் அவளோடு பழக்கமானது. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அம்மா செத்தபோது தங்கைக்கு இரண்டு வயது, இவளுக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவளைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அந்தத் தங்கை தீவின் மறுகோடியில் பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சொல்லாமல் போனாள் என்பதுதான் இவளுக்கு ஆறவில்லை. சீனன், தமிழன் எல்லாம் எனக்கு ஒன்றுதான், ஆனால் நான் ஊட்டிய வாயால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு பேரும் இருந்தது ஒரு ஃபெரி, ஒரு பஸ் தூரத்தில்.

என் தொண்டை கெட்டுக்கொண்டே போனதைப் பார்த்து மேட்ரன் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இரண்டு நாள் நடத்தினாள். சாவோடு வேலை செய்பவர்களுக்குத் துக்கம் மனசில் மட்டும் தங்குவதில்லை, தோளிலும் தாடையிலும் தொண்டையிலும் குடியேறிவிடும், அதை உடம்பு வழியாகத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்றாள். எனக்கு அது புரிந்தது. நர்சுகள் விடுதியின் ஹாலில் பாய் விரித்து எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். கண்மேல் ஈரப் பஞ்சு. கால் பெருவிரல்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். ஏர்கோன் குளிராக இருந்ததால் வார்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் வார்டு அட்டெண்டன்ட். செத்தவர்களைத் துடைத்துக் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டுவது அவள் வேலை. அவள் பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்தாள். வார்டில் வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு ஓடியே போனாள். நானும் எழுந்து பார்த்தேன். மேட்ரன் உட்பட எங்கள் வார்டு முழுக்க வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே வராத சிரிப்பு இருமலாக மாறி மூச்சு முட்டிப் போனேன்.

வெள்ளைக்கார அம்மாளிடம் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. உடனே எல்லாரையும் எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். நல்ல பொம்பளைதான். அதற்குப் பிறகு அவள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் உட்கார்ந்தபடி செய்வது. துடிக்கும் நோயாளியிடம் பேசாதீர்கள், முதலில் உங்கள் மூச்சை நிதானமாக்குங்கள், பிறகு உங்கள் கையை அவர் கைமேல் வையுங்கள், உங்கள் உடம்பு அடங்கினால் அவர் உடம்பும் அதைக் கேட்டு அடங்கும் என்றாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகினோம். அது நிஜமாகவே வேலை செய்தது. தொண்டைக்கு வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று நீளமாக முனகச் சொன்னாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள் என்று நான் கோபமாகக் கிசுகிசுத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் முனகிப் பார்த்தேன். அவளை வீட்டில் பார்க்கப் பிறைக்குப் போகும் நாட்களில், ஃபெரியின் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து முனகுவேன். நெஞ்செலும்பு அதிரும். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். அக்கரை வருவதற்குள் குரல் வந்துவிடும், டிக்கெட்காரரிடம் நன்றாகவே பேசுவேன். அவள் இருந்த அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் திரும்பப் போய்விடும். ஏன் போகிறது என்று எனக்கு அப்போது தெரிந்துதான் இருந்தது.

ஒருநாள் நான் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு வீங்கியிருந்தது, கை கால்கள் குச்சியாகப் போயிருந்தன. கணவர் லாரியோடு ஈப்போவுக்குப் போயிருந்தார். நான் கொண்டுபோன மைலோ டின்னை ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கறேன். மத்தவங்க மாதிரி மழுப்பாதீங்க. நான் பொழைப்பேனா, மாட்டேனா?”

நான் வாயைத் திறந்தேன்.

“ஏன் கேக்கறேன்னா, பொழைக்கிறதா இருந்தா அவளே வரட்டும். நான் மூத்தவ, நான் ஏன் போகணும்? சாகறதா இருந்தா நான்தான் போகணும். அவ வாசல்ல போய் நிக்கணும். நாளைக்கே டாக்சி பிடிச்சாவது போயிடுவேன். உங்களைத்தான் கேக்கறேன், சொல்லுங்க.”

அந்த நேரத்தில் எனக்குக் குரல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நம்ப எனக்கு ஆசை. ஆனால் என்னை எனக்குத் தெரியும். தொண்டை இறுகிக் கிடந்தது, காற்றுகூட வரவில்லை. அவள் கண் என் முகத்தில் பழுது தேடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு ஏறிக்கொண்டே போனது, நெஞ்சுக் குழி படபடவென்று அடித்தது. அவள் கணவர் முகம் நினைவுக்கு வந்தது. நான் போட்ட வட்டம் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் பழகியிருந்த உடம்பு தானாக வேலையை ஆரம்பித்தது. என் மூச்சை நிதானமாக்கினேன். என் வலது கையை அவள் கைமேல் வைத்தேன். நன்றாகப் பிடித்து, மெதுவாக, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் மூச்சு இறங்கியது. தோள் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு நன்றாக நான் அந்த வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

“நீங்க வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் மிஸ்,” என்றாள். “வாய் என்ன வேணா சொல்லும். கை பொய் சொல்லாது.”

பிறகு, அப்படியானால் அவளே வரட்டும், எனக்கென்ன அவசரம் என்று சொல்லிச் சிரித்தாள். மைலோ கலக்கித் தரச் சொன்னாள். பாதி டம்ளர் குடித்தாள்.

திரும்பி வரும்போது ஃபெரியில் நான் முனகவில்லை. மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன் என்று இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அப்படி எதுவும் துடிக்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு கஷ்டமான வேலையை முடித்துவிட்ட நிம்மதி. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் அவளை வார்டுக்குத் தூக்கிவந்தார்கள். கண் மஞ்சளாகியிருந்தது, பேச்சு குழறியது. நான் கட்டிலருகே போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும், மெல்ல மெல்ல, ஒவ்வொரு விரலாக, தன் கையை என் கைக்குக் கீழிருந்து உருவி எடுத்துக்கொண்டாள். வாய் அசைந்தது. என்னவென்று கேட்கக் குனிந்தேன், ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

நான் ஓடிப்போய் அவள் கணவரிடம், தங்கைக்கு உடனே சொல்லி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். எவ்வளவு வறட்டுக் குரல் என்றால் அவர் என் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அவர் தயங்கி, தன் அக்காமாரைக் கேட்டு, கடைசியில் பாலிக் புலாவில் ஒரு மளிகைக் கடைக்கு போன் போட்டுத் தகவல் சொல்வதற்குள் ஒரு நாள் போய்விட்டது. மறுநாள் காலை டாக்டர் சுற்றுக்கு வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

செத்த வீட்டுக்குப் போனேன். எங்கள் குமாஸ்தாக் குடும்பங்களில் வெள்ளைச் சேலை கட்டிப்போய், நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுவிட்டு வருவதுதான் மரியாதை. இங்கே அப்படி இல்லை. அடுக்குமாடியின் கீழே கொட்டகை போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக ஆடி ஆடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒருத்தி வந்தால் வட்டம் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் பயிற்சியில் அந்த வெள்ளைக்கார அம்மாள் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தங்கை வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அதே கண். ரோட்டோரத்தில் அவள் கணவர் காரிலிருந்து இறங்காமல் இருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அழுதபடி ஓடிவந்தாள். வட்டம் திறக்கவில்லை. லாரிக்காரரின் அக்காமார் முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினார்கள். அவள் ஒரு பக்கம் போனாள், இன்னொரு பக்கம் போனாள். பிறகு அக்காவின் கால்மாட்டில் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். செத்த வீட்டில் கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் நிற்கும் ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். நான் யாரென்று அவள் கேட்கவில்லை. அவள் தலை என் தலையில் முட்டியது, கைகள் என் முதுகை இறுக்கின. அவள் கதறியபோது அந்தக் கதறல் என் விலா எலும்பில் இறங்கியது. எனக்கும் அழுகை வந்தது. எத்தனையோ மாதங்களாக வராத அழுகை, பத்தொன்பது வயதுப் பையனுக்கும் மற்ற எல்லாருக்கும் சேர்த்து, பெரும் சத்தமாக வந்தது. இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதோம். தொண்டை முழுக்கத் திறந்துகொண்டது. அவள் துக்கத்தில் நான் குளிர் காய்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் அடங்கியதும் யாரோ என்னை ஆஸ்பத்திரி மிஸ் என்று அவளுக்குச் சொன்னார்கள். அவள் என்னை விடாமல், காதருகே கேட்டாள்.

“எங்கக்கா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா மிஸ்?”

உன்னையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் குரல் வந்திருந்தது. தடங்கலில்லாத, தெளிவான, என்னுடைய பழைய குரல். அதை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மறைக்க என்னால் முடியவில்லை. அக்கா என்னிடம் கேட்டதை, தங்கை வாசலில் போய் நிற்க நினைத்ததை, நான் தலையாட்டியதை, கையைப் பிடித்ததை எல்லாம் சொன்னேன். கை பொய் சொல்லாது என்று அக்கா சொன்னதையும் சொன்னேன்.

அவள் கைகள் என் முதுகிலிருந்து நழுவின. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்தக் கை?” என்றாள்.

நான் வலது கையை நீட்டினேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. உடலைத் தூக்கும் நேரம் வந்து, ஆண்கள் சுற்றி நின்று, பெண்களை விலகச் சொன்ன பிறகும் அவள் விடவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு இன்னொரு முறை அழுகை பொங்கியது.

பாடையைத் தூக்கியதும் கையை விட்டாள்.

“நீங்க போங்க மிஸ்,” என்றாள். “எங்கக்கா கையைப் பிடிச்ச கைன்னு பிடிச்சேன். உங்களுக்காக இல்ல.”

நான் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தேன்.